அரக்குக் குஞ்சம் வைத்த சால்வை

ஏலத்தோட்ட பங்களா, போடிமெட்டு
12-9-1955

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக மேலே வந்து சேர்ந்துவிட்டேன். உனக்கும் மச்சானுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஜீப்பில் வளைவுக்கு வளைவு எனக்கு வயிற்றைப் பிரட்டியது. டிரைவர் காசிராஜன் அண்ணன், "பி.ஏ. படிச்ச பிள்ளைன்னாங்க. வாந்தி எடுக்கப் பரிச்சை வச்சா மொத மார்க்கு நீதான் ஆத்தா" என்றார். ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களெல்லாம் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி நார்த்தங்காய் ஊறுகாய்த் துண்டு ஒன்றை என் வாயில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்து மலையைப் பார்த்தேன்.

நான் வேலைக்கு வந்திருக்கும் அம்மாளின் பெயர் அமாலியா. தோட்டத்தில் எல்லோரும் துரைசானி என்கிறார்கள். வெள்ளைக்காரத் துரையைக் கட்டிக்கொண்டு வந்தவர்தான், ஆனால் இங்கிலீஷ்காரி இல்லை. ஸ்பெயின் நாட்டில் செவில்யா என்ற ஊர். துரை இறந்த பின் தோட்டத்தைப் போடிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு, பங்களாவை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. அவருக்குப் படித்துக் காட்டுவதும், அவர் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதுவதும் என் வேலை.

முதல் நாள் நான் படித்தது அவருக்குக் கேட்கவே இல்லை. "கண்ணுதான் போச்சு, காது இருக்கு. அதுக்கு வேலை குடு" என்று தோட்டத் தமிழில் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்போது கொஞ்சம் குரல் வந்திருக்கிறது.

அவருடைய தங்கை மகளுக்கு வருகிற ஏப்ரலில் கல்யாணம். அந்தப் பெண் லண்டனில் படித்தவள். சீன தேசத்திலிருந்து தங்கள் நாட்டுக்கு என்னவெல்லாம் வந்தது என்று அவளுக்காக ஒரு கட்டுரை சொல்லிவருகிறார். விசிறி, நீலக் கோடு போட்ட பீங்கான், இனிப்பு ஆரஞ்சு என்று நீள்கிறது. எழுத எழுத நன்றாக இருக்கிறது. நீ என்னைப் படிக்க அனுப்பாவிட்டால் இதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்திருக்கும்?

மச்சான் அந்தத் தேவாரத்து ஊர்ச் சம்பந்தத்தைப் பற்றிப் பேசினால், நான் வந்து பேசிக்கொள்கிறேன் என்று சொல்.

உன் தங்கை,
செல்லக்கிளி


சிலமலை
25-9-55

என் கிளிக்கு அக்கா ராக்கு எழுதுறது. இங்க நானும் உன் மச்சானும் மாடு கன்னும் சுகந்தான். நீ அட்டை கடிக்காம காலுக்குச் சுண்ணாம்பு தடவிக்க. அஞ்சாங் கிளாசு எழுத்து கோணையாத்தான் இருக்கும், சிரிக்காத.

சீனாவுலருந்து வந்ததுன்னு எழுதியிருந்தியே, அதை உன் மச்சானுக்குப் படிச்சுக் காட்டுனேன். "அப்ப நம்ம சீனச்சட்டியும் அங்கிட்டுருந்துதான் வந்திருக்கும் போலருக்கு. அவுக வந்து கேட்டா உன் வடைச்சட்டியத் திருப்பிக் குடுத்துரு"ங்குறாரு. நான் குடுக்க மாட்டேன்னுட்டேன். அதுல நான் சுட்ட வடை எத்தனை!

நேத்து வெயில் நல்லா அடிச்சுச்சு. டிரங்குப் பெட்டியத் தொறந்து உன் கல்யாணத்துக்குன்னு நம்ம ஆத்தா சாகுறதுக்கு முந்தி எடுத்து வச்ச அரக்குப் பட்டுச்சேலைய வெயில்ல காட்டி மடிச்சு வச்சேன். பூச்சி தொடலை. தேவாரத்து மாப்பிள்ளை சோலைமலை வீட்டுல அடுத்த ஆவணியில கல்யாணம்னு சொல்லிவிட்டிருக்காக. உன் மச்சானுக்குச் சொந்தம், நெலம் நீச்சு இருக்கு, நல்ல பய. உன் மச்சான் தலைய ஆட்டிட்டாரு. நீ வந்து பேசிக்கிறேன்னு எழுதியிருக்க. நீ என்னிக்குத்தான் வாயத் தொறந்து பேசியிருக்க?

வேளைக்குச் சாப்புடு.

அக்கா


போடிமெட்டு
20-10-1955

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைச் சமையல்கார மாயக்காளும் நானும் சேர்ந்து படித்துச் சிரித்தோம். காலுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொள்கிறேன். பனியில் தொண்டை கட்டியிருந்தது, இப்போது தேவலை. மச்சானின் முழங்கால் வலி எப்படி?

கட்டுரை பாதி வந்துவிட்டது. முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம், ஸ்பெயின் பாதிரியார் ஒருவர் மணிலாவில் சீனர்களிடம் பாஷை கற்று, சீன நீதிநூல் ஒன்றைத் தன் மொழியில் பெயர்த்தாராம். இப்போதுள்ள அவர்கள் நாட்டுக் கவிஞர்கள் சிலரும் சீனக் கவிதைகளைப் படித்துவிட்டு நாலு நாலு வரியில் எழுதிப் பார்க்கிறார்களாம். அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. அந்தக் காலத்தில் அவர்களுடைய பெரிய எழுத்தாளர் ஒருவர் வேடிக்கையாக ஒன்று எழுதிவைத்தாராம். சீனச் சக்கரவர்த்தி அவருடைய கதையைக் கேள்விப்பட்டு, அதைப் பாடமாக வைத்து ஒரு கல்லூரி தொடங்குகிறேன், நீரே வந்து தலைவராக இரும் என்று ஆள் அனுப்பினாராம். வழிச்செலவுக்கு ஏதாவது கொடுத்தனுப்பினாரா என்று இவர் கேட்டிருக்கிறார். இல்லை என்றதும், அப்படியானால் போய் வாரும் என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். துரைசானி இதைச் சொல்லும்போதே சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

அன்றைக்கு அவர் ஒரு சால்வையை எடுத்துக் காட்டினார். சந்தன நிறப் பட்டு, ஊசிவேலையில் பெரிய பெரிய பூக்கள், வால் நீண்ட பறவைகள். சீனாவில் காண்டன் நகரத்தில் தைத்தது. மணிலாவிலிருந்து கப்பல் ஏறியதால் மணிலாச் சால்வை என்று பெயர். "எங்க ஊரிலே யாரும் இதைச் சீனத்துணின்னு சொல்ல மாட்டாங்க. எங்க துணின்னுதான் சொல்வாங்க. திருவிழா, கல்யாணம், பாட்டு, நாடகம் எல்லாத்திலும் இது இருக்கும்" என்றார். அவர் அம்மா போர்த்தியது. கல்யாணப் பெண்ணுக்கு இதைத்தான் அனுப்பப் போகிறார். ஒரு பூவின் ஓரத்தில் பூச்சி அரித்து ஓட்டை விழுந்திருக்கிறது. தைக்க ஆள் தேடுகிறார். நான் உன்னை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. நீ கோபிக்கக் கூடாது. மதுரையில் வாத்தியார் பயிற்சிக்கு, பி.டி. என்று சொல்வார்களே, அதற்கு ஜூனில் சேர்க்கிறார்கள். கல்லூரித் தலைவிக்குத் தான் ஒரு கடிதம் தருவதாகத் துரைசானி சொன்னார். உன்னிடமும் மச்சானிடமும் கேட்க வேண்டும் என்றேன். கேட்டுவிட்டேன்.

உன் தங்கை,
செல்லக்கிளி


சிலமலை
2-11-55

கிளிக்கு அக்கா எழுதுறது. தொண்டைக்கு மிளகு போட்டுப் பாலு குடி. உன் மச்சானுக்கு முழங்காலு பரவாயில்லை, வாயிலதான் வலி, எந்நேரமும் பேச்சு.

இங்க மழை விட்டபாடு இல்லை. தேவாரத்துல யானை எறங்கி சோலைமலை வாழையில பாதியத் தின்னுட்டுப் போயிருச்சு. அவன் பரண் மேல உக்காந்து தகரத்தத் தட்டிட்டு இருந்திருக்கான். யானை வந்து பரணுக்கு அடியிலயே முதுகச் சொறிஞ்சிருக்கு. "அது போறவரைக்கும் மூச்சே விடலை மதினி"ன்னு அவனே வந்து சொல்லிச் சிரிக்கிறான்.

சீன ராசா கதை நல்லாத்தான் இருக்கு. வழிச்செலவு குடுக்காமக் கூப்புட்டா எவன் போவான்? சரியாத்தான் சொல்லிவிட்டிருக்காரு.

சால்வையக் காசிராஜன் கிட்டக் குடுத்துவிடு, நான் தச்சுத் தர்றேன். என் கையப் பத்தித் துரைசானிக்குப் பெருமையாச் சொல்லு.

அக்கா


போடிமெட்டு
16-11-1955

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும். பயிற்சியைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. மழை வேலையில் மறந்திருப்பாய்.

காசிராஜன் அண்ணனிடம் சால்வையைக் கொடுத்தனுப்புகிறேன். சோதனைச் சாவடியில் பிரித்துப் பார்ப்பார்களோ என்று அவருக்குப் பயம். "ஏலக்காய்ன்னா ஒளிக்கத் தெரியும், இதை எங்கிட்டு ஒளிக்க?" என்கிறார். துரைசானி யார் கையிலும் கொடுக்காத பொருள் இது. என் அக்கா தைப்பாள் என்று நான் சொன்னதும் உடனே மடித்துக் கொடுத்துவிட்டார். கல்யாணப் பெண் போர்த்திக்கொண்டு ஆடப் போகிற துணி, அதனால் தையல் தெரியக் கூடாது என்று மட்டும் சொன்னார். ஜனவரிக் கடைசியில் கொச்சியில் கப்பல். அதற்குள் வந்தால் போதும்.

உன் தங்கை,
செல்லக்கிளி


போடிமெட்டு
18-12-1955

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஏதும் இல்லையே? காசிராஜன் அண்ணன் வந்து கேட்டதற்கு, "இன்னும் ஆகலைன்னு சொல்லு" என்று கதவைச் சாத்திக்கொண்டாயாமே. ஒரு ஓட்டைக்கு இத்தனை நாளா என்று மாயக்காள் கேட்கிறாள். துரைசானி கேட்கவில்லை. ஆனால் ஜீப் சத்தம் கேட்டால் தலையைத் திருப்புகிறார்.

ஒரு வரி எழுது.

செல்லக்கிளி


சிலமலை
3-1-56

என் கிளிக்கு அக்கா எழுதுறது. உடம்புக்கு ஒண்ணுமில்லை, சோலிதான். பயந்துட்டியா?

ஓட்டையத் தச்சுட்டேன். பூவுக்குள்ள பூவா வச்சுத் தச்சிருக்கேன், துரைசானி வெரல வச்சுத் தடவுனாலும் தெரியாது. அந்தச் சீனாக்காரன் கைக்கு முன்னாடி என் கை ஒண்ணுமே இல்லை. பின்பக்கம் திருப்பிப் பாத்தாலும் முன்பக்கம் மாதிரியே இருக்கு. எந்தப் புண்ணியவானோ!

ஆனா நாலு ஓரமும் நைஞ்சு, சிக்கு விழுந்து, அங்கங்க எலி கடிச்ச மாதிரி நூல் தொங்கிட்டுக் கெடந்துச்சு. கல்யாணப் பொண்ணுக்குப் போற துணிய நுனி நைஞ்சு அனுப்பலாமா? நம்ம பக்கம் ஒரு கோடிச்சேலையக்கூட நுனி முடிச்சுப் போடாமப் பொண்ணு கையில குடுக்க மாட்டோம். துரைசானிக்குக் கண்ணு தெரியாம விட்டுருக்கும், பாவம். அதனால அதை வெட்டி எடுத்துட்டு, புதுசாப் பட்டுநூலத் தொடையில வச்சுத் திரிச்சு, சுத்திவர சடைக் குஞ்சலம் மாதிரிக் கட்டியிருக்கேன். அதுக்குத்தான் இத்தனை நாளு. பழைய நூலத் தூரப் போடலை, துணியில பொட்டலம் கட்டி உள்ள வச்சிருக்கேன்.

பொண்ணு தீர்க்காயுசா இருக்கட்டும்.

அக்கா


போடிமெட்டு
12-1-1956

அன்புள்ள அக்கா,

பொங்கலுக்கு வர முடியாது போலிருக்கிறது. எனக்காக ஒரு கை அதிகம் சாப்பிடு. நான் நலம்தான். இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டுத்தான் நீ அழவோ சிரிக்கவோ வேண்டும்.

பார்சலைப் பிரிப்பதற்கு முன் உன் கடிதத்தைப் படித்தேன். நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று. அந்த ஓரத்து நூல் சேலை நுனி மாதிரி நைந்து தொங்கியது இல்லை, அக்கா. அது தொங்கல். அவர்கள் ஊர்ப் பெண்கள் முற்றத்தில் உட்கார்ந்து வலைபோல முடிச்சுப் போட்டுக் கட்டுவது. இந்தச் சால்வைக்குக் கட்டியது துரைசானியின் அம்மா. பூக்களைப் பற்றிச் சொன்ன நான் அதைச் சொல்லவில்லை.

அவர் தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். என் குரல் எழும்புவதற்குள் மாயக்காள் பார்சலைப் பிரித்து அவர் மடியில் சால்வையை விரித்துவிட்டாள். விரல்கள் பூக்களைத் தாண்டி ஓரத்துக்கு வந்து நின்றன.

"இது எங்க அம்மா கட்டினது இல்லே" என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மாயக்காள் குறுக்கே வந்து, "சாரமில்ல, விடுங்க துரைசானி. அந்தப் பழைய நூலு எலி கடிச்ச மீசை கணக்கா இருந்துச்சு. இது பாருங்க, மணப்பொண்ணு சடையில தொங்குற மாதிரி எம்புட்டு லட்சணமா இருக்கு!" என்றாள். துரைசானி சிரிக்கவில்லை. நீ கட்டி வைத்த பொட்டலத்தைக் கேட்டு வாங்கி, இருட்டும் வரை மடியிலேயே வைத்திருந்தார். மறுநாள் என்னைப் படிக்கக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் என் பெட்டியில் துணிகளை அடுக்கிவிட்டேன். இனி கல்லூரிக்குக் கடிதமும் இல்லை, வேலையும் இல்லை, கீழே இறங்க வேண்டியதுதான் என்று இருந்தேன். உன்மேல் கோபமாக எழுத ஒரு தாளை எடுத்தேன். உன் பெயரை எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. அந்தக் குஞ்சத்தைக் கட்டியது, பரீட்சைக் காலங்களில் எனக்கு இரவெல்லாம் விசிறிய கை.

அடுத்த நாள் காலையில் கூப்பிட்டு, "எழுது" என்றார். கட்டுரையின் கடைசிப் பகுதி. எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. தமிழில் எழுதுகிறேன்:

"இந்தப் பூக்களைத் தைத்த காண்டன்காரர்கள் நம் ஊரைப் பார்த்ததில்லை. அவர்கள் ஓரத்தை வெறுமையாக விட்டார்கள். காண்டனைப் பார்த்திராத நம் பெண்கள், வெற்றோரம் ஒரு பெண்ணின் தோளுக்குப் போதாது என்று தொங்கல் கட்டினார்கள். சீனர்களிடம் யாரும் கேட்கவில்லை. பிறகு இது எங்களுடையது என்று சொல்லிக்கொண்டோம். இப்போது இங்கே மலையடிவாரத்தில் ஒருத்தி, நைந்த ஓரம் மணப்பெண்ணுக்கு ஆகாது என்று நினைத்திருக்கிறாள். என் அம்மாவின் முடிச்சுகளுக்காக நான் வருந்துகிறேன். ஆனால் இவள் செய்தது தவறு என்றால் என் அம்மா செய்ததும் தவறு."

பிறகு உன் பெயரையும் ஊரையும் கேட்டார். கட்டுரையின் கீழே, காண்டன், செவில்யா, சிலமலை என்று மூன்று ஊர்களையும் எழுதச் சொன்னார். முகம் தெரியாத காண்டன்காரருக்கும், தன் அம்மாவுக்கும், ராக்குவுக்கும் நன்றி என்று எழுதச் சொன்னார். நம் ஊர்ப் பெயரை மட்டும் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினேன்.

"இன்னும் ஒரு கடிதம் இருக்கு" என்றார். மதுரைக் கல்லூரித் தலைவிக்கு. என்னைப் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தைகளை நானே என் கையால் எழுத வேண்டியதாயிற்று, பார்! வெட்கத்தில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன். திரும்பப் படிக்கச் சொல்லிக் கண்டுபிடித்துவிட்டார். "நான் மூணு சொன்னேன். ரெண்டுதான் காதிலே விழுந்துச்சு" என்றார். விட்டுப்போன வார்த்தை 'தைரியசாலி'. சால்வை விஷயத்தை நானே சொன்னேன் என்பதற்காகவாம்.

எல்லாம் உன்னால். ஒன்று கேட்க வேண்டும். அந்த அரக்குநிற நூல் மிக உயர்ந்த பட்டு என்று துரைசானி தடவிப் பார்த்துச் சொன்னார். அது உனக்கு எங்கே கிடைத்தது?

உன் தங்கை,
செல்லக்கிளி


சிலமலை
30-1-56

என் கிளிக்கு அக்கா எழுதுறது. கடுதாசியப் படிச்சு அழுதேன், அப்பறம் சிரிச்சேன். உன் மச்சான் பயந்துபோயி வேப்பிலை ஒடிக்கக் கெளம்பிட்டாரு. துரைசானி கால்ல நான் விழுந்து கும்புட்டதாச் சொல்லு. அவுக ஆத்தா கட்டுனதுன்னு தெரிஞ்சா தொட்டிருக்க மாட்டேன், சாமி சத்தியமா.

கப்பல் ஏறிருச்சா? என் முடிச்சு கடல் தாண்டிப் போகுதுன்னு இங்க ஒருத்தியும் நம்ப மாட்டேங்குறா.

நூலு வீட்டுல இருந்துச்சு. இருந்ததத்தான் எடுத்தேன்.

தேவாரத்துலருந்து தை பொறந்ததும் வந்து பேசிட்டுப் போனாக. பங்குனிப் பொங்கலுக்கு வா.

அக்கா


போடிமெட்டு
8-5-1956

அன்புள்ள அக்கா,

உங்கள் இருவர் நலத்தையும் விசாரித்து எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஸ்பெயினிலிருந்து கடிதமும் போட்டோவும் வந்திருக்கின்றன. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பெண் சால்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறாள். போட்டோவில் அரக்கு நிறம் கறுப்பாகத் தெரிகிறது, ஆனால் உன் குஞ்சங்கள் ஒவ்வொன்றும் தெரிகின்றன. ஆடும்போது அவை முழங்காலில் தட்டித் தட்டி விழுந்தனவாம். அவர்கள் தெருவில் தொங்கல் கட்டும் பெண் ஒருத்தி வந்து ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த முடிச்சு எந்த ஊர் என்று கேட்டாளாம். மணப்பெண் நம் ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அவள் வாயில் 'சிலமலை' எப்படி வந்திருக்கும் என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன்.

மதுரையிலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. இடம் கொடுத்திருக்கிறார்கள். ஜூனில் சேர வேண்டும்.

பங்குனியில் வந்தபோது சொல்ல நினைத்தேன். மச்சான் முகத்தைப் பார்த்து வாய் வரவில்லை. என் கல்யாணப் பட்டை ஒருமுறை பார்க்கலாம் என்று பெட்டியைத் திறக்கக் கேட்டேன். நீ சாவியைக் காணோம் என்றாய். அக்கா, நீங்கள் இருவரும் எனக்குச் செய்ததற்கு, சொன்ன இடத்தில் கழுத்தை நீட்டுவதுதான் நன்றி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தேவாரத்துக்காரர் நல்லவர்தான். ஆனாலும் எனக்குப் படிக்க வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்தில் நின்று, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி பாடம் சொல்ல வேண்டும். இதை எழுதிவிட்டேன். இனி நீ சொல்கிறபடி.

உன் தங்கை,
செல்லக்கிளி


சிலமலை
16-5-56

என் கிளிக்கு அக்கா எழுதுறது. எல்லாரும் சுகம்.

இந்தக் கடுதாசிக்குத்தான் ஐப்பசியிலருந்து காத்திருந்தேன். அப்ப நீ படிப்பப் பத்தி எழுதுனதுக்கு நான் பதிலு சொல்லாமத்தான் இருந்தேன், படிக்காம இல்லை. கேட்டுட்டேன்னு எழுதியிருந்த. அது கேக்குறதா? நாளைக்கு யாராச்சும், அக்காதான் புடிச்சுத் தள்ளிவிட்டான்னு சொன்னா? உன் வாயாலயே வரட்டும்னு இருந்தேன்.

சாவி எங்கயும் தொலையலை. என் இடுப்புலதான் இருந்துச்சு. அந்தச் சால்வைக்குப் பட்டுநூலு போடி பூராம் தேடுனேன், கிடைக்கலை. கல்யாணப் பொண்ணுக்குப் போறதக் கல்யாணப் பட்டுலயே கட்டிருவோம்னு உன் அரக்குப் பட்டு முந்தானையில நாலு இழை உருவுனேன். நாலு இழை பத்தலை. இன்னுங் கொஞ்சம் உருவுனேன். பாதி முந்தானை போனப்பறந்தான், அடியாத்தி, இதை வச்சு இனி எப்புடிக் கல்யாணம் நடத்துறதுன்னு தோணுச்சு. கொஞ்ச நேரம் கன்னத்துல கை வச்சு உக்காந்திருந்தேன். அப்பறம் மீதியையும் உருவிட்டேன். அது தெரியாம நடந்ததுல்ல.

முந்தாநாள் ராத்திரி சோறு போடும்போது உன் மச்சான் முன்னாடி சேலைய விரிச்சுக் காட்டுனேன். "என்னடி இது, முந்தானை எங்க?"ன்னாரு. "கடல் தாண்டிப் போயிருச்சு. முந்தானை இல்லாத பட்டக் கட்டிட்டு உங்க கொழுந்தியா மணையில உக்காருவாளா? புதுப் பட்டு எடுக்க ரெண்டு வருசமாவது ஆகும். அதுவரைக்கும் பிள்ளை சும்மா இருக்கணுமா, படிக்கணுமா?"ன்னேன். அவரு சேலையப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. "ரெண்டு பேரும் சேந்து என்னையச் சீனாக்காரனாக்கிட்டீக. அவுகளக் கேக்காத மாதிரி என்னையும் யாரும் கேக்காமலே எல்லாம் நடந்துருக்கு"ன்னு சொல்லிட்டு, இன்னொரு கரண்டி கொழம்பு ஊத்தச் சொன்னாரு. அம்புட்டுத்தான். நேத்து வந்த சோலைமலைகிட்டயும் சொல்லியாச்சு. "வாத்தியாரம்மாவா? எனக்கு யானைய வெரட்டுற பொண்ணுதான் வேணும் மதினி"ன்னு சிரிச்சுட்டான். மனசுக்குள்ள எப்புடி இருந்துச்சோ, கொண்டுவந்த மாம்பழத்த வச்சுட்டுத்தான் போனான்.

சேலை ஒடம்பு மிச்சம் இருந்துச்சு. உனக்கு ரெண்டு ரவிக்கை தச்சு வச்சிருக்கேன். இனி நன்றி நன்றின்னு எழுதாத. எனக்குக் காண்டன்னா எது, செவில்யான்னா எதுன்னு தெரியாது. அந்த ரெண்டு ஊருக்குப் பக்கத்துல நம்ம ஊருப் பேர எழுதுனவ நீ. எனக்கு அது போதும்.

வெரசா எறங்கி வா. துரைசானிக்கு என் கும்புடச் சொல்லு. நானு அந்தச் சீன ராசா மாதிரி வெறுங்கையோட காலேசுக்குக் கூப்புட மாட்டேன். உன் மச்சான் இன்னிக்குக் காலையிலயே போடி டேசனுக்குப் போயி, மதுரைக்கு என்னிக்கு வேணாலும் டிக்கெட்டு தருவாகளான்னு கேட்டுட்டு வந்துட்டாரு.

அக்கா
ராக்கு